கணக்கு சரி, பந்தின் மேல் என்ன விசை?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற முதுகலை இயற்பியல் ஆசிரியர்

என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். காலாண்டில் இயற்பியலில் 70-க்கு 66. போன வாரம் என் அண்ணன் வந்திருந்தார். "மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்னடா?" என்று கேட்டார். "சைபர் மாமா" என்றான். அண்ணன் சிரித்துவிட்டார். அதே பாடத்தில் ஒரு கணக்கு விடாமல் போடுகிறவன் அவன். நான் மார்க்கை நம்புவதா, அண்ணன் சிரிப்பை நம்புவதா?
*ஒரு தாய், கோவில்பட்டி*

இரண்டையும் நம்பலாம் அம்மா. உச்சியில் திசைவேகம் சுழி என்று எழுதி, முடுக்கத்துக்கு, அதாவது திசைவேகம் மாறும் வீதத்துக்கு, மைனஸ் 9.8 போட்டு, உயரத்தைக் கண்டுபிடித்துவிடுகிறான். அந்த 9.8 உச்சியிலும் இருக்கிறதா என்று எந்தக் கணக்கும் அவனைக் கேட்பதில்லை. கேட்காததால் அவனும் யோசித்ததில்லை. மாமாதான் முதலில் கேட்டிருக்கிறார்.

அவனை உட்காரவைத்து இதைக் கேளுங்கள். உச்சியில் திசைவேகமும் சுழி, முடுக்கமும் சுழி என்றால் அதற்கு அடுத்து பந்து என்ன செய்யும்? திசைவேகத்தை மாற்ற எதுவுமே இல்லை. அப்படியானால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆனால் கீழே வருகிறது. அப்போது முடுக்கம் இருந்தாக வேண்டும், கீழ்நோக்கி, அதே 9.8. இதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள், அவன் வாயிலிருந்து வரட்டும்.

வந்தபின் அடுத்ததைக் கேளுங்கள். பந்து கையை விட்டு மேலே போய்க்கொண்டிருக்கிறது. காற்றை மறந்துவிடு. பந்தின் மேல் என்னென்ன விசை? "ஈர்ப்பு விசை கீழே, கை கொடுத்த விசை மேலே" என்பான். பந்தயம் கட்டுகிறேன். ஜான் கிளமெண்ட் என்பவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்களிடம் ஒரு நாணயத்தைச் சுண்டிவிடும் படத்தைக் கொடுத்து இதையேதான் கேட்டார்; 1982-இல் அதைப் பற்றி எழுதினார். பெரும்பாலான மாணவர்கள் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள். இயக்கவியல் பாடம் முடித்து வந்தவர்களிலும் பெரும்பாலோர் அதே அம்புக்குறியைத்தான் போட்டார்கள். கை தொட்டுக்கொண்டிருக்கும்வரைதான் கையின் விசை. விட்டபின் பந்தோடு போவது அதன் வேகம் மட்டும்.

இதற்காகப் பையனைத் திட்டாதீர்கள். கை கொடுத்த ஏதோ ஒன்று பந்துக்குள் ஏறி உட்கார்ந்து, போகப்போகத் தீர்ந்துபோகிறது என்று ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் பிலோபோனஸ் எழுதினார். பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸில் புரிடான் அதற்குப் பெயர் வைத்து விரிவாகவே எழுதினார். ஆனால் புரிடான் அது தானாகத் தீராது, காற்றும் எடையும்தான் அதைத் தின்றுவிடுகின்றன என்றார். உங்கள் பையனைவிட ஒரு படி மேலே போய்விட்டார். அத்தனை பெரிய மூளைகள் வந்து நின்ற இடத்தில்தான் உங்கள் பையனும் நிற்கிறான். அண்ணனிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள்: அடுத்த முறை சிரிப்பதற்கு முன்னால் "ஏன்டா அப்படிச் சொல்ற?" என்று கேட்கட்டும். பையன் அந்த 'ஏன்'னுக்குச் சொல்கிற பதிலில்தான் எல்லாம் இருக்கிறது.

அரசுப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த இயற்பியல் ஆசிரியர் நான். "புரிஞ்சுதா?" என்றால் வகுப்பே "புரிஞ்சுது சார்" என்கிறது. தேர்விலும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள். உண்மையில் புரிந்ததா என்று சோதிக்க எப்படிக் கேள்வி தயாரிப்பது?
*ஓர் ஆசிரியர், தர்மபுரி மாவட்டம்*

தம்பி, "புரிஞ்சுதா?" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். அதற்கு ஒரே பதில்தான் உண்டு, அதைப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலேயே பழகிவிட்டார்கள்.

உங்கள் சங்கடத்தை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹலூன், ஹெஸ்டினஸ் என்ற இருவர் எண்பதுகளிலேயே கையில் எடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1992-இல் ஹெஸ்டினஸும் வெல்ஸும் ஸ்வாக்ஹாமரும் வெளியிட்ட விசைக் கருத்துச் சோதனை. இப்போது புழக்கத்தில் இருப்பது 30 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடை. கால்குலேட்டர் வேண்டாம், சூத்திரம் வேண்டாம். அதன் சூட்சுமம் சரியான விடையில் இல்லை, தவறான விடைகளில் இருக்கிறது. மாணவர்களிடம் முதலில் விடை கொடுக்காமல் கேட்டு, அவர்கள் எழுதிய தவறுகளைப் பொறுக்கியெடுத்துத்தான் விடைப் பட்டியலில் வைத்தார்கள். நாம் வினாத்தாள் தயாரிக்கும்போது என்ன செய்கிறோம்? சரியான விடை 20 நியூட்டன் என்றால் 10, 40, 200 என்று மூன்று எண்ணைப் போட்டு நிரப்புகிறோம். எந்தப் பிள்ளையும் 200 என்று நினைத்ததில்லை. அதைத் தேர்ந்தெடுக்கிறவன் பெருக்கலில் வழுக்கியிருக்கிறான் என்பது தவிர அதிலிருந்து உங்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

நான் வகுப்பில் கேரம் போர்டை வைத்துச் செய்ததைச் சொல்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கரைச் சுண்டியாகிவிட்டது. விரலை விட்டு விலகி, எந்தக் காயையும் இன்னும் தொடாமல், போர்டின் நடுவில் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது அதன் மேல் என்னென்ன விசைகள்? பெயர் போடாமல் துண்டுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். மார்க் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து பெஞ்சைப் பார்த்துதான் எழுதுவார்கள்.

சீட்டுகளைப் பிரித்தால் சில வகைகள் திரும்பத் திரும்ப வரும். "சுண்டிய விசை முன்னால், உராய்வு பின்னால், முன்னது பெரியது." "சுண்டிய விசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, உராய்வுக்குச் சமமானதும் நின்றுவிடும்." "நிலைமம் என்ற விசை இழுத்துக்கொண்டு போகிறது." இந்த மூன்றாவது நம்முடைய பாடம் விதைத்தது, நிலைமம் என்பது இருக்கிற நிலையிலேயே தொடரும் பொருளின் குணம் என்ற வரையறை மனப்பாடம் ஆகிவிட்டது, அது விசை இல்லை என்பது ஆகவில்லை. நன்றாகப் படிக்கிற ஒருத்தி "விசையே இல்லை, நியூட்டனின் முதல் விதி" என்று எழுதியிருப்பாள். அபூர்வமாக ஒரு சீட்டில் எடை, போர்டு தாங்கும் செங்குத்து விசை, பின்னோக்கிய உராய்வு, இவை மட்டும் என்று இருக்கும். போதும். ஐந்து விடை கைக்கு வந்துவிட்டது, அடுத்த பிரிவுக்கு வினா தயார்.

அடுத்தது, விடையைச் சொல்லாதீர்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் தன் மாணவர்களுக்கு இந்த வகைச் சோதனை வைத்தபோது ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதுவதா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாராம். அதில் ஆடிப்போனவர் பாடம் நடத்தும் முறையையே மாற்றினார். கேள்வியைக் காட்டுவார், ஆளுக்கொரு விடை தேர்வு செய்யச் சொல்வார். சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் என்றால் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டுவிட்டு, மறுபடி தேர்வு செய்யச் சொல்வார். அங்கே அதற்கென்று கருவி வந்துவிட்டது. நமக்கு விரல் போதும்: கையை நெஞ்சோடு ஒட்டி வைத்து, ஒன்றா இரண்டா மூன்றா என்று விரல் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு மட்டும் தெரியும், பின்னால் இருப்பவனுக்குத் தெரியாது. பிறகு இரண்டு நிமிடம் வகுப்பு சந்தைக்கடை ஆகும். தலைமை ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

அந்த வாதம் நடக்கும்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டு நடுவில் நடந்து கேட்க வேண்டும். "போரிக் பவுடர் போட்டா ஏன்டா ரொம்ப தூரம் போகுது? நீ அதே பலத்துலதானே சுண்டுற?" என்று எவனாவது ஒருவன் கேட்பான். நான் அரை மணி நேரம் கரும்பலகையில் எழுதுவதை அந்த ஒரு வரி செய்துவிடும்.

பலன் உண்டா என்றால், உண்டு. ரிச்சர்ட் ஹேக் 1998-இல் 62 வகுப்புகளை, 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை ஒப்பிட்டார். பாடத்துக்கு முன் ஒரு சோதனை, பின் ஒரு சோதனை. முன்பு தெரியாமல் இருந்ததில் எத்தனை பங்கைப் பிடித்தார்கள் என்று பார்த்தார். வெறும் விரிவுரை வகுப்புகளில் சராசரி 0.23, இப்படிப் பேசவிட்ட வகுப்புகளில் 0.48. அதாவது ஒரு வகுப்பு 100-க்கு 40-இல் தொடங்கினால் விரிவுரையில் 54 வரை வரும், மற்றதில் 69 தொடும். 69 ஒன்றும் மலையைப் புரட்டிய கணக்கில்லை. ஆனாலும் 54-இல் நிற்கிற வகுப்பின் ஆசிரியர் நல்ல ஆசிரியராகவே இருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். அவர் பேசினார், பிள்ளைகள் பேசவில்லை, வித்தியாசம் அதுதான்.

லாரியும் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. மூன்றாம் விதிப்படி இரண்டின் மேலும் சம விசை என்று எழுதி மார்க் வாங்கிவிட்டேன். ஆனால் எங்கள் ஊர் பைபாஸில் நானே பார்த்தேன், கார் அப்பளமாகிவிட்டது, லாரிக்கு பம்பர்தான் போனது. விதி பரீட்சைக்கு மட்டும்தானா?
*பிளஸ் ஒன் மாணவர், விருதுநகர்*

நல்லா கேட்ட. இதை மனதில் வைத்துக்கொண்டே "சமம்" என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இரண்டு சுருள்வில் தராசை வாங்கிக் கொக்கியோடு கொக்கி மாட்டு. ஒரு முனையை வகுப்பிலேயே பெரிய ஆளிடம் கொடு, மறுமுனையை ஒல்லிப்பிச்சானிடம் கொடு. பெரியவனை மட்டும் இழுக்கச் சொல், மற்றவன் சும்மா பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு முள்ளையும் பார். ஒன்று அதிகம் காட்டட்டும் என்று எத்தனை தினுசாக முயன்றாலும் நடக்காது.

இப்போது பைபாஸுக்கு வா. லாரி 12 டன், கார் 1.2 டன் என்று வை. சம விசை, சம நேரம். ஆனால் கார் பத்தில் ஒரு பங்கு நிறைதான், அதனால் அதன் திசைவேகம் பத்து மடங்கு மாறுகிறது. லாரியின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் குறையும் நேரத்தில் காரின் வேகம் 50 கிலோமீட்டர் மாறிவிடுகிறது. லாரிக்காரர் பிரேக் போட்ட மாதிரி ஒரு குலுக்கலோடு தப்பிக்கிறார், காருக்குள் இருப்பவர் கதி வேறு. போதாததற்கு காரின் முன்பக்கத் தகடும் லாரியின் அடிச்சட்டமும் ஒரே வலுவா? நீ பார்த்தது விசையை இல்லை, அந்த விசை என்ன செய்தது என்பதை. இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் விதி பொய் மாதிரி தெரிந்தது.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் பஸ் என்னை வெளிப்பக்கம் தள்ளுகிறது. அந்த விசையைக் கொடுப்பது யார்?
*ஒரு வாசகி, நாமக்கல்*

யாரும் இல்லை அம்மா. பஸ் திரும்புகிறது, நீங்கள் நேராகப் போகப் பார்க்கிறீர்கள். ஜன்னல் பக்கச் சுவர் குறுக்கே வந்து உங்களை உள்பக்கம் தள்ளித் திருப்புகிறது. சாலையோரம் நிற்பவர் கணக்கில் அவ்வளவுதான். பஸ்ஸோடு சேர்ந்து சுற்றும் உங்கள் கணக்கில்தான் மையவிலக்கு விசை என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. யார் நின்று பார்க்கிறார் என்று சொல்லாமல் இந்தக் கேள்வியைத் தேர்வில் கேட்பது அநியாயம், கேட்கவும் கேட்கிறார்கள்.

வயரிங் வேலை செய்கிறேன். மகள் பத்தாம் வகுப்பு. மின்தடைக் கணக்கெல்லாம் டக்டக்கென்று போடுகிறாள். ஒரு டார்ச் பல்பு, ஒரு செல், ஒரே ஒரு துண்டு வயர் கொடுத்து எரியவை என்றேன். வயரின் ஒரு முனையைச் செல்லின் தலையிலும் மறுமுனையைப் பல்பின் அடியிலும் வைத்துவிட்டு, "எரியலையேப்பா, பல்பு ப்யூஸா?" என்கிறாள். நான் படிக்காதவன். இது பெரிய தப்பா?
*ஒரு வாசகர், ஈரோடு*

ஐயா, படிக்காதவன் என்று எழுதியதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் வைத்தது உலகறிந்த பரீட்சை. ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தின் ஓர் ஆவணப்படத்தில், எம்.ஐ.டி.யில் பட்டமளிப்பு அங்கியோடு நின்றவர்களிடமே பல்பும் செல்லும் வயரும் கொடுத்தார்கள். கேமரா முன்னால் திணறியவர்கள் உண்டு.

மகளிடம் பல்பைக் கொடுத்து உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இழையின் ஒரு முனை அடியில் உள்ள பொட்டுக்கு வருகிறது, மறுமுனை பக்கவாட்டு உலோக உறைக்கு வருகிறது. பாடப்புத்தகத்தில் பல்பு என்பது ஒரு வட்டத்துக்குள் பெருக்கல் குறி. அதற்கு இரண்டு கால் உண்டு என்று படம் சொல்கிறது, கால் எங்கே என்று சொல்வதில்லை. பொட்டைச் செல்லின் தலையில் நேராக உட்காரவைத்து, உறையிலிருந்து செல்லின் அடிக்கு வயரைக் கொண்டுபோனால் எரியும்.

எரிந்ததும் விட்டுவிடாதீர்கள். ஒரே மாதிரி இரண்டு பல்பைத் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும் என்று கேளுங்கள். "முதல் பல்புதான், கரண்டை அது எடுத்துக்கும், மிச்சம்தான் அடுத்ததுக்கு" என்பாள் என்று நினைக்கிறேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மாட் குழுவினர் கல்லூரி மாணவர்களிடம் பல்பு வெளிச்சத்தை வரிசைப்படுத்தச் சொல்லி வருடக்கணக்கில் ஆராய்ந்ததில், கரண்டு வழியில் செலவாகிறது என்ற இந்த எண்ணம் விடாமல் வந்துகொண்டே இருந்தது.

இதை உடைக்க உங்கள் பையிலேயே ஆயுதம் இருக்கிறது. ஃபேஸ் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டி ஆம்பியர் எத்தனை என்று காட்டுங்கள். பிறகு நியூட்ரலில் மாட்டுங்கள். அதே எண். போனது அத்தனையும் திரும்பி வருகிறது. ஒரு துளி குறைந்தால் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும்: 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்ததும், கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். அதன் வேலையே அந்த இரண்டையும் ஒப்பிடுவதுதான். "அப்போ எதுக்குப்பா பில் கட்டுறோம்?" என்று அவள் கேட்க வேண்டும். கேட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டாள். நாம் காசு கொடுப்பது ஆற்றலுக்கு. பில்லில் இருக்கும் யூனிட் என்பது கிலோவாட் மணி, ஆம்பியர் இல்லை. மீட்டரை நீங்கள்தான் மாட்ட வேண்டும், அவளை எண்ணை மட்டும் படிக்கச் சொல்லுங்கள்.

நான் பி.யு.சி. படித்த காலத்தில் ஒவ்வொரு சமன்பாட்டையும் வருவித்து எழுதினோம். நான்கு விடையில் ஒன்றை டிக் அடிக்கும் வழக்கம் வந்தபிறகுதான் இயற்பியல் சீரழிந்தது. நீங்களும் போன இதழில் அதற்கே வக்காலத்து வாங்கியிருக்கிறீர்களே?
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மயிலாடுதுறை*

பாதி ஒத்துக்கொள்கிறேன் சார். நீட் தேர்வில் 180 கேள்விக்கு 180 நிமிடம், அதில் 45 இயற்பியல். ஒரு நிமிடத்தில் யோசிக்க முடியாது, அடையாளம் கண்டுபிடிக்கத்தான் முடியும். பயிற்சி மையங்களில் அதைத்தான் பழக்குகிறார்கள்.

ஆனால் அந்த நாள் வருவித்தலுக்கு நான் கண்ணீர் விட மாட்டேன். பத்து வரியை எட்டாவது வரி மறக்காமல் ஒப்பித்தவர்கள் நம் செட்டிலேயே எத்தனை பேர் என்று உங்களுக்கும் தெரியும். குறை டிக் அடிப்பதில் இல்லை. டிக் அடித்ததற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு "காரணம்" என்று கேட்டுப் பாருங்கள். அதே கேள்வி வேறு கேள்வி ஆகிவிடும். விடை சரி, காரணம் தப்பு என்று வருகிற தாள்கள்தான் ஆசிரியருக்குப் பொக்கிஷம். திருத்துவது கஷ்டம் என்பார்கள். கஷ்டம்தான்.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசை இல்லாததால் மிதக்கிறார்கள் என்று என் பேத்திக்குச் சொன்னேன். சரிதானே?
*ஒரு தாத்தா, பாளையங்கோட்டை*

இல்லை ஐயா. நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம். நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள், பக்கவாட்டில் வேகம் இருப்பதால் பூமியைச் சுற்றிச் சுற்றி விழுகிறார்கள். ஈர்ப்பு இல்லாவிட்டால் நிலையம் சுற்றவே சுற்றாது, நேர்க்கோட்டில் போய்விட்டிருக்கும். பேத்தியிடம் அதைக் கேள்வியாகவே கேளுங்கள்.

நீங்கள் சொல்லும் அந்த விசைக் கருத்துச் சோதனையை விடைகளோடு வெளியிடுங்களேன். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம்.
*டியூஷன் ஆசிரியை, சேலம்*

மாட்டேன் அம்மா. விடையோடு ஊரெல்லாம் சுற்றினால் அது இன்னொரு புக் பேக் ஆகிவிடும், அப்புறம் அதை வைத்து யாரையும் சோதிக்க முடியாது. அதனால்தான் கல்லூரிகளிலும் தேர்வு முடிந்ததும் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

வேண்டுமானால் என் கேள்வி ஒன்று தருகிறேன். கிணற்றில் வாளி. கயிற்றைச் சீரான வேகத்தில், நேராக மேலே இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தண்ணீர் சிந்தவில்லை, காற்று இல்லை. கயிறு வாளியை இழுக்கும் விசை, தண்ணீரோடு சேர்ந்த வாளியின் எடையைவிட அதிகமா, குறைவா, சமமா? உங்கள் டியூஷன் பிள்ளைகளை ஆளுக்கொரு அஞ்சலட்டையில் எழுதி இதழ் முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். காரணம் எழுதாத அட்டையைப் படிக்க மாட்டேன். தப்பான அட்டைகளைத்தான் அடுத்த இதழில் முதலில் போடப்போகிறேன், பெயர் இல்லாமல்.